ஒரு பக்கெட் சாளை

ஜூன் பாதி தாண்டியதும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எல்லாருக்கும் கண் கடல் பக்கமே இருக்கும். கேப் பக்கத்துக் குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும் சாளைக் கூட்டம், குளிர்காலத்தில் கரையை ஒட்டியே நீந்தி எங்கள் குவாசூலு நட்டால் மாகாணம் வரைக்கும் ஏறி வரும். (மத்தி என்று சொல்கிறவர்கள் மத்தி என்றே வாசித்துக்கொள்ளுங்கள்.) பின்னாலேயே டால்பின், சுறா, கடற்பறவை எல்லாம் பந்திக்கு வந்துவிடும். கரைவலை இழுக்கிற இடத்தில் சனம் முட்டளவுத் தண்ணீரில் இறங்கி பக்கெட்டில், தொப்பியில், பாவாடை மடிப்பில் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் அள்ளும். சில வருஷம் கடல் வெள்ளியாக மின்னும். சில வருஷம் ஏமாற்றிவிடும்.

அப்படி மின்னிய ஒரு வருஷம், அமன்சிம்டோட்டி கரையில் வலை இழுக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் செய்தி வந்ததும் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினார். காலை பத்து மணிக்கு ஒரு பக்கெட் நிறைய வாங்கியிருக்கிறார். அப்படியே திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. போன இடத்தில் பழைய நண்பரைப் பார்த்தாராம், டீ குடித்தார்களாம், திரும்பும் வழியில் டயர் கடையில் வேறு நின்றாராம். பக்கெட் காரின் பின்பக்கம், கண்ணாடி ஏற்றி, வெயிலில். வீடு வந்தபோது மூன்றரை. ஐஸ் ஒரு கட்டி கிடையாது. நான் உட்கார்ந்து செதில் தட்டி, குடல் எடுத்து, அலசி, பைகளில் போட்டு டீப் ஃபிரீசரில் அடுக்கி முடிக்க ஐந்தரை ஆனது. மீனில் ஒரு வாடையும் இல்லை. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான், மீனைப் பார்த்தால் தெரியும் என்ற தெனாவட்டும் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு பையை எடுத்து மிளகாய்த்தூள் பிரட்டி வறுத்தேன். சாப்பிட்டு அரைமணி ஆகவில்லை, அவருக்கு முகமும் கழுத்தும் அடுப்புக்கு முன்னால் நின்ற மாதிரி சிவந்துவிட்டது. எனக்கு நாக்கு நுனியில் மிளகு கடித்த எரிச்சல், தலைவலி, நெஞ்சு படபடப்பு. முள்ளுக்குப் பயந்து மகள் மீனைத் தொடவில்லை. அவள்தான் அப்பாவைப் பார்த்து, "தக்காளி மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தாள். மருத்துவர் பார்த்துவிட்டு, மீன் ஒவ்வாமை இல்லை, இது ஹிஸ்டமின் என்றார். சாளை, சூரை, அயிலை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் அதன்மேல் இருக்கும் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒரு தடவை உண்டாகிவிட்டால் வறுத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. வாடையும் அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாங்கள் ஒரு மாத்திரையோடும் ஒரு கெட்ட ராத்திரியோடும் தப்பித்தோம்.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன ஆச்சு என்று ஆயா கேட்டார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. தெருவுக்கே ஆயா. மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளிகள் இருந்த வரிசை வீடுகள் அவை. பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசிய சனம். அறுபதுகளில் வீடுகளை இடித்து எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளினார்கள். பாரக்ஸில் ஐஸ் பெட்டி கிடையாது. கருவாடு, ஊறுகாய், தினம் ரெண்டு வேளை கொதிக்க வைத்துச் சுண்டிய குழம்பு, அவ்வளவுதான். இன்றைக்கு ஆயாவின் கராஜில் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு டீப் ஃபிரீசர். (உவமை அவருடையது.) நான் என் சாளைப் புராணத்தைச் சொன்னதும், "ஏன் கண்ணு, செத்த மீன ஐஸ்ல வச்சா உயிர் வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதுவரைக்கும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஃபிரீசரில் போட்டாயிற்று என்றால் ஆபத்து முடிந்தது என்று ஒரு நினைப்பு. நடப்பது வேறு. மைனஸ் 18 டிகிரியில் கிருமி சாவதில்லை. பெருகாமல் அப்படியே கிடக்கிறது. வெளியே எடுத்து இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். உள்ளே போகும்போது சாப்பாடு என்ன நிலைமையில் இருந்ததோ, அதைவிட நல்ல நிலைமையில் ஒருநாளும் வெளியே வராது. ஃபிரீசருக்குள் கிடக்கும் ரெண்டு மாதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம். அடுப்பிலிருந்து இறக்கி உள்ளே வைக்கும் ரெண்டு மணி நேரத்தையும், வெளியே எடுத்த பிறகு வரும் சில மணி நேரத்தையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. என் வீட்டுத் தவறுகள் எல்லாம் அந்த ரெண்டு முனையில்தான் நடந்திருக்கின்றன.

முதல் முனை, ஆற வைப்பது. இங்கே சமையல் என்றாலே பெரிய சட்டிதான். திதி, காவடி, ஆடிமாதக் கஞ்சி, பிறந்தநாள், எதுவானாலும் இருபது பேருக்குச் சமைத்து நாற்பது பேருக்கு மிஞ்சும். மிஞ்சிய மட்டன் கறியைச் சட்டியோடு அடுப்பில் விட்டு, "ராத்திரி ஆறட்டும், காலையில் எடுத்து வைக்கலாம்" என்று படுப்பது இங்கே மட்டுமில்லை, தூத்துக்குடியிலும் வழக்கம்தான். என் அம்மாவும், சூடான பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் ஃபிரிட்ஜே கெட்டுவிடும் என்று நம்பியவர். பாதி உண்மை அது. கொதிக்கக் கொதிக்கப் பெரிய சட்டியை உள்ளே தள்ளினால், பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறும். சட்டியின் நடுப்பாகமோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் வெளியே விட்டாலும் அதே கதை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் சூடுதான் கிருமிகளுக்குத் திருவிழா. இறைச்சிக் குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி ஒன்று உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் உட்கார்ந்திருந்து, குழம்பு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். பந்திச் சாப்பாடு முடிந்து மறுநாள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறதென்றால், நான் முதலில் சந்தேகப்படுவது மெதுவாக ஆறிய பெரிய சட்டியைத்தான்.

வழி எளிது, கொஞ்சம் பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும் என்பதைத் தவிர. இறக்கியதும் குழம்பை ரெண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றிவிடுவேன். அடுப்பங்கரைத் தொட்டியை அடைத்து, குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, ஃபிரீசரில் எப்போதும் கிடக்கும் ஐஸ் பாட்டில்கள் ரெண்டைப் போட்டு, தட்டுகளை அதில் மிதக்க விட்டுக் கரண்டியால் கிளறுவேன். இருபது நிமிடத்தில் ஆவி அடங்கிவிடும். அப்புறம் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் முழுக்கக் குளிர வைத்து, பிறகு ஃபிரீசர். சமைத்து ரெண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். பிப்ரவரியில் டர்பன் வெக்கை 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். விருந்தாளி இருக்கும்போது எழுந்து போய்க் குழம்பை அள்ளுவது மரியாதையில்லை என்று முன்பெல்லாம் கூச்சப்படுவேன். இப்போது அவர்கள் கையிலேயே ஒரு டப்பாவைக் கொடுத்து, "பிடிங்க" என்கிறேன்.

சோற்றுக்கு இன்னும் கெடுபிடி. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வேகும்போது சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சைத் திரும்ப எவ்வளவு சூடுபண்ணினாலும் அழிக்க முடியாது. அதனால் மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி விசிறி போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுவேன். மெல்லிய பையில் தட்டையாக, ஒரு ஆளுக்கு ஒரு பை. உறைந்ததைத் தண்ணீர் தெளித்து மைக்ரோவேவில் வைத்தால் புதுச்சோறு மாதிரியே இருக்கிறது. ஃபிரிட்ஜில் ரெண்டு நாள் காய்ந்த சோற்றைவிட இது எவ்வளவோ மேல். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவள் இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த பண்டம், அதன் கணக்கு வேறு. நான் சொல்வது பானையில் மூடிவைத்து மறந்த சோற்றை.

இந்த ஊரில் ஃபிரிட்ஜைப் பற்றி எல்லாருக்கும் ஒரு பயம் வந்த வருஷம் 2018. அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே லிஸ்டீரியா நோய் பரவிக்கொண்டிருந்தது. 2018 மார்ச் 4 அன்று, காரணம் பொலோனி என்று அரசு அறிவித்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூட ரொட்டிக்குள் வைக்கும் அதே இளஞ்சிவப்பு இறைச்சித் துண்டு. ஆயிரத்துக்கு மேல் உறுதியான நோயாளிகள், இருநூறுக்கு மேல் சாவு. உலகத்தில் பதிவான லிஸ்டீரியா பரவல்களிலேயே பெரியது. மற்ற கிருமிகள் ஒடுங்கிக் கிடக்கும் ஃபிரிட்ஜ் குளிரிலும் லிஸ்டீரியா மெதுவாக வளரும். ஃபிரீசரில் வளர்ச்சி நின்றுபோகும், ஆனால் சாகாது. அன்றைக்கு ஆயா தன் ஃபிரீசரை மொத்தமாகக் கவிழ்த்து, பொலோனி பட்ட டப்பா, தட்டு எல்லாவற்றையும் வெந்நீர் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அப்போது இது அதிகப்படி என்று நினைத்தேன். இல்லை. மிச்சத்தைச் சூடுபண்ணும்போது ஓரத்தில் ஆவி வந்தால் போதாது, நடுவிலும் கொதிக்க வேண்டும், 74 டிகிரி தொட வேண்டும் என்பதை நான் அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டேன்.

சரி, எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது? இதில் என் அனுபவம் புத்தகத்தோடு சில இடத்தில் ஒத்துப்போகும், சில இடத்தில் நாக்கைப் பொறுத்தது.

டர்பன் மட்டன் கறிக்கு உருளைக்கிழங்கு இல்லாமல் முடியாது. மசாலாவை உறிஞ்சி, வெட்டினால் சிவப்பாக இருக்கும் அந்தக் கிழங்குதான் பாதி ருசி. அதே கிழங்கு உறைந்து இளகினால் ஈரமான பஞ்சு. உள்ளே இருக்கும் தண்ணீர் ஐஸாகி மாவைப் பிரித்துவிடுகிறது. கடித்தால் வாயில் தண்ணீர் ஊறி வெளியே வரும், கிழங்கு மணலாக நிற்கும். அதனால் ஃபிரீசருக்குப் போகும் பங்கில் கிழங்கைப் பொறுக்கி அன்றைக்கே சாப்பிட்டுவிடுகிறோம். திரும்ப எடுக்கும் நாளில் புதுசாக ரெண்டு கிழங்கு வேகவைத்துக் கறியில் போட்டுக் கொதிக்க விட்டால் யாருக்கும் தெரியாது. ஆயாவுக்குத் தெரியும். பூண்டும் கிராம்பும் குளிரில் காரமாகி லேசாகக் கசப்பும் தட்டும் என்பதால் ஃபிரீசர் பங்குக்குக் கொஞ்சம் கை குறைத்துப் போடுகிறேன்.

சாம்பார் நன்றாகவே தாங்கும். கத்தரிக்காய் குழைந்துவிடும், முருங்கைக்காய் பரவாயில்லை, வெண்டைக்காய் வேண்டவே வேண்டாம். கெட்டிப்பட்டிருக்கும், அரை டம்ளர் வெந்நீர் ஊற்றினால் சரியாகும். தாளிப்பை மட்டும் எடுக்கும் நாளில் செய்யுங்கள். உறைந்த கறிவேப்பிலைக்கு வாசம் ஏது? மோர்க்குழம்பு, தயிர்ப்பச்சடி திரிந்துபோகும். தேங்காய்ப்பால் சேர்த்தது பிரிந்து நிற்கும், சூடுபண்ணும்போது கலக்கினால் ஓரளவு கூடும், கெட்டுப்போனதல்ல. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர். ரசத்தை யாராவது ஃபிரீசரில் வைப்பதாகச் சொன்னால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியாது. பத்து நிமிட வேலை அது.

ஃபிரீசருக்கென்றே பிறந்த பண்டம் சமூசா. இங்கே தீபாவளிக்கு முந்தின மாதமே பெண்கள் கூடி உட்கார்ந்து, பூர் என்று சொல்லும் மெல்லிய மாவுப் பட்டையை முக்கோணமாக மடித்து, நூற்றுக்கணக்கில் செய்துவிடுவார்கள். பொரிக்காமல் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி முதலில் உறைய வைக்க வேண்டும். கல்லானதும் பையில் கொட்டிக்கொள்ளலாம். முதலிலேயே பையில் கொட்டினால் கடைசியில் ஒரே சமூசாதான் கிடைக்கும், அதுவும் செங்கல் அளவில். பொரிக்கும்போது இளக வைக்காமல் நேராக எண்ணெயில், நடுத்தரச் சூட்டில். மடும்பி என்று இங்கே சொல்லும் சேம்பு இலையில் மாவு தடவிச் சுருட்டி அவிக்கும் பத்தாவும் அப்படித்தான். சுருளாகவே உறைய வைத்து, கொஞ்சம் இளகும்போது கத்தி போட்டால் வட்டம் வட்டமாக அழகாக வரும்.

பங்களாதேஷ் மார்க்கெட்டில் கத்ரா பீன்ஸ் மலிவாகக் கிடைக்கும் நாளில் மூட்டையாக வாங்கி வருவோம். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் காய்கறிச் சந்தைதான் அது. கத்ரா என்பது பச்சையாக உரித்த சுகர் பீன்ஸ். உரித்ததும் கொதிக்கும் தண்ணீரில் ரெண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் அமுக்கி, ஈரம் ஒற்றி உறைய வைக்கிறேன். அந்தக் கொதி இல்லாவிட்டால் காயில் இருக்கும் நொதிகள் ஃபிரீசருக்குள்ளும் மெதுவாக வேலை பார்த்து நிறத்தையும் ருசியையும் கெடுத்துவிடும். துருவிய தேங்காயைத் தட்டையான பைகளில் வைத்து, சாக்லேட் மாதிரி வேண்டுமளவு உடைத்துக்கொள்கிறேன். இட்லி மாவை வைப்பதைவிட இட்லியாகவே சுட்டு வைப்பது எனக்கு ஒத்துவருகிறது. எடுத்து ஆவியில் ஏழெட்டு நிமிடம்.

டப்பா விஷயம் சுருக்கமாக. தண்ணீர் ஐஸானால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். ரசகுல்லா வந்த கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை சூப் ஊற்றி வைத்து, கண்ணாடிச் சில்லோடு மொத்தத்தையும் கொட்டியவள் நான். மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். பையானால் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள், காற்றுப் பட்ட இடத்தில்தான் ஐஸ் நேராக ஆவியாகி இறைச்சி வெளுத்து அட்டையாகும். அது ஆபத்தில்லை, ருசிதான் போச்சு. ஐஸ்கிரீம் டப்பா எல்லா வீட்டிலும் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் பதினோரு டப்பா இருக்கிறது. ஆறிய பண்டத்துக்குச் சரி. சூடாக ஊற்றுவதும், அதோடு மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் அதற்குச் செய்ததல்ல. தேதியை மாஸ்கிங் டேப்பில் டப்பா உலர்ந்திருக்கும்போதே எழுதி ஒட்டுங்கள். சமைத்த குழம்பு, கறி எல்லாம் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிட்டால் ருசி நிற்கும்.

அப்புறம் லோட் ஷெடிங். தென்னாப்பிரிக்காவில் ஃபிரீசரைப் பற்றி எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. 2008 வாக்கில் தொடங்கியது, 2023இல் உச்சம். அட்டவணை போட்டு, ஸ்டேஜ் நம்பர் சொல்லி, கரண்டை நிறுத்துவார்கள். மோசமான நாள்களில் ஒரே நாளில் மூன்று நான்கு தடவை. காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லும் எஸ்கோம் சே புஷ் செயலியைப் பார்த்த காலம் அது. 2024 மார்ச் கடைசியில் நின்று, பத்து மாதம் நிம்மதியாக இருந்து, 2025 ஜனவரி கடைசியில் திரும்பவும் எட்டிப் பார்த்தது.

அந்த வருஷங்களில் நாங்கள் எல்லாருமே குளிரின் கணக்கைக் கற்றுக்கொண்டோம். நிரம்பிய டீப் ஃபிரீசர், கதவு திறக்காமல் இருந்தால், ரெண்டு நாள் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். பாதி நிரம்பியது ஒரு நாள். ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம்தான். ஆகவே ரெண்டு மணி நேரக் கரண்ட் வெட்டு ஃபிரீசரை ஒன்றும் செய்யாது. செய்வது நாம்தான், "உருகிவிட்டதா பார்ப்போம்" என்று அடிக்கடி திறந்து. ஃபிரீசரில் காலி இடம் இருந்தால் ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி அடுக்கிவிடுங்கள். ஐஸ் நிறைய இருந்தால் குளிர் நிற்கும், தண்ணீர் வராத நாளில் குடிக்கவும் ஆகும். அது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கு மேல் உயிர் போனது. டர்பனின் பல பகுதிகளில் கரண்டும் குழாய்த் தண்ணீரும் நாள்கணக்கில் இல்லை, தொங்காட் பக்கம் தண்ணீர் வர மாதக்கணக்கானது.

எங்கள் தெருவில் நாலாம் நாள்தான் கரண்ட் வந்தது. ரெண்டாம் நாள் சாயங்காலமே ஆயா கராஜைத் திறந்து, தெருவுக்கே சமைப்போம் என்று சொல்லிவிட்டார். ஃபிரீசருக்குள் முதலில் அவர் பார்த்தது ஒரு டம்ளரை. அந்த டம்ளரில் எப்போதும் ஐஸ் உறைந்திருக்கும், மேலே ஒரு அஞ்சு ராண்ட் காசு. ஆள் இல்லாத நேரத்தில் ஐஸ் உருகித் திரும்ப உறைந்திருந்தால் காசு அடியில் போய்க் கிடக்கும். அன்றைக்குக் காசு கால்வாசி ஆழம் இறங்கி, சாய்ந்து நின்றது. ஆயா ஒவ்வொரு பொட்டலமாக விரலால் அமுக்கினார். நடுவில் ஐஸ் துகள் நறநறக்கிறதா, கையில் ஃபிரிட்ஜ் குளிர் தெரிகிறதா? அப்படியிருந்தால் கேஸ் அடுப்புக்கு. மொத்தமாக இளகி வெதுவெதுப்பாக இருந்த கோழி ரெண்டும் இறாலும் குழிக்குள். "நல்லாத்தானே இருக்கு ஆயா, வாடையே இல்லையே" என்று பேரன் கெஞ்சினான். ஆயா என்னைப் பார்த்தார். நான் சாளையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எங்கள் தெரு சாப்பிட்ட மாதிரி எந்தக் கல்யாணத்திலும் சாப்பிடவில்லை.

கரண்ட் உடனே வந்திருந்தால், ஐஸ் துகள் மிச்சமிருந்த பொட்டலங்களைத் திரும்ப உறைய வைத்திருக்கலாம். ருசி கொஞ்சம் குறையும், வேறொன்றுமில்லை. இளகியதைச் சமைத்து, சமைத்ததை உறைய வைப்பதிலும் தப்பில்லை. வெதுவெதுப்பானதுக்குத்தான் மன்னிப்பு கிடையாது.

ரெண்டாவது முனை, இளக்குவது. காலையில் கோழியை எடுத்துச் சமையல் மேடையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் எனக்கும் இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் நடுவில் இன்னும் கல், வெளிப்பக்கம் அஞ்சாறு மணி நேரமாக வெயில் காய்ந்திருக்கும். முந்தின ராத்திரியே எடுத்து, ஒரு தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இறக்கிவிடுவதுதான் நல்லது. மேல் தட்டில் வைத்தால் இறைச்சித் தண்ணீர் கீழே இருக்கும் கொத்தமல்லியில் சொட்டும். மறந்துபோனால், பையோடு குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி அரைமணிக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். மைக்ரோவேவில் இளக்கினால் உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள், ஓரம் அதற்குள் பாதி வெந்திருக்கும். சமைத்த குழம்பு என்றால் இந்தப் பாடே இல்லை, கட்டியாகவே சட்டியில் போட்டு மெல்லிய தீயில் வைக்கலாம். கொதிக்கட்டும், கிளறுங்கள், திரும்பவும் கொதிக்கட்டும்.

இதெல்லாம் பழகின பிறகும் சாளை பக்கம் போக ரெண்டு வருஷம் ஆயிற்று. இப்போது வீட்டுக்காரர் அமன்சிம்டோட்டிக்குக் கிளம்பினால் காரில் முதலில் ஏறுவது ஐஸ் பெட்டி, கூடவே என்னுடைய பாட்டில்கள் எட்டு. கரையிலேயே ஐஸும் கடல் தண்ணீருமாக மீனைப் புதைத்துக் கொண்டுவருகிறார். வழியில் யாரையாவது பார்த்தால் கையசைப்பதோடு சரி. வந்த ஒரு மணி நேரத்தில் கழுவி, பத்து பத்தாகப் பைகளில் தட்டையாக அடுக்கி உள்ளே போய்விடும்.

சாளையில் எண்ணெய் அதிகம், ஃபிரீசருக்குள்ளும் மெல்லச் சிக்கெடுக்கும். ரெண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. ஜூலையில் போட்டது செப்டம்பர் பாதிக்குள் தீர்ந்தாக வேண்டும் என்று கணக்கு வருகிறது. அதே நேரத்தில் புரட்டாசியும் பிறந்துவிடுகிறது. சாட்ஸ்வொர்த்துத் தமிழ் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. சட்டி பானையிலிருந்து ஃபிரீசர் வரைக்கும் கழுவி எடுத்துவிடுவார்கள். இந்த ஊர்ச் சாளைக்கும் நம்ம ஊர்ப் பஞ்சாங்கத்துக்கும் யார் பேசி முடித்தார்களோ தெரியவில்லை. ஆவணி கடைசி வாரம் தெரு முழுக்க மீன் வறுக்கிற வாசம்தான்.

நேற்று எங்கள் ஃபிரீசரை எண்ணிப் பார்த்தேன். சாளை ரெண்டு பை, ஆயா கொடுத்த இறால் ஒரு டப்பா, டேப் உரிந்துபோன ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. அந்த டப்பாவில் ஐஸ்கிரீம்தான் இருக்கிறது என்று மகள் சாதிக்கிறாள். எனக்கு கத்ரா பீன்ஸ் என்று சந்தேகம். புரட்டாசிக்கு இன்னும் ஒன்பது நாள். சாளையை ஞாயிற்றுக்கிழமை வறுக்கலாம் என்று இருக்கிறேன், சனி ராத்திரி மறக்காமல் அடித்தட்டில் இறக்க வேண்டும்.